வெள்ளைச் சுறா எவ்வளவு பெரியது?



சி ரூசா கடற்கரைக்குப் போகும் நம் பிள்ளைகளுள் சிலர் கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் இறங்குவதில்லை. காரணம் கேட்டால், "சார், வெள்ளைச் சுறா வரும்; பஸ் அளவு இருக்குமாம்" என்கிறார்கள். ஆகவே இன்று அந்தச் சுறாவை அளந்தே பார்த்துவிடுவோம்.

அளவுகோல் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனையை மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர், அதாவது 30 அடி இடைவெளி விட்டு நடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு வெள்ளைச் சுறாவைக் கிடத்துங்கள். ஆண் சுறா பெரும்பாலும் 4 மீட்டருக்குள் அடங்கிவிடும். பெண் சுறாதான் பெரியது. 5 மீட்டர் வரை சாதாரணமாக வளரும். 6 மீட்டர் வளர்ந்தது மிக அரிது. அப்போதும் இரு மரங்களுக்கிடையே 3 மீட்டர் மிச்சம் இருக்கும்.

பிறகு எப்படி இத்தனை பெரிய கதை கிளம்பியது? 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் ஆங்கிலப் படத்தில் வந்தது 25 அடிச் சுறா. அது இயந்திரப் பொம்மை. படம் போகட்டும், அறிவியல் நூலே தவறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஃபேரியில் பிடிபட்ட சுறா ஒன்றின் தாடை லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்தது. அந்தச் சுறாவின் நீளம் 36½ அடி என்று 1870இல் குந்தர் என்னும் அறிஞரின் நூலில் அச்சேறியது. நூறாண்டுக் காலம் அதையே பலரும் எடுத்தெழுதினர். சுறாவுக்கு எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். உடல் அழிந்தபின் தாடையும் பல்லுமே எஞ்சும். 1973இல் ஜான் ரண்டால் என்னும் மீனியல் அறிஞர் அந்தப் பற்களின் அளவை, நீளம் தெரிந்த மற்றச் சுறாக்களின் பற்களோடு ஒப்பிட்டார். போர்ட் ஃபேரி சுறா ஏறத்தாழ 17 அடிதான் என்று தெரிந்தது. பாதிக்கும் குறைவு! அச்சில் வந்ததாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்று நான் வகுப்பில் சொல்லும்போது இந்தத் தாடையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி எடைக்கு வருவோம். நீளத்தை மட்டும் வைத்து விலங்குகளை ஒப்பிடுவது சரியாகாது. 2011இல் பிலிப்பீன்ஸில் பிடிபட்ட 'லோலோங்' என்னும் உவர்நீர் முதலை 6.17 மீட்டர் நீளம். எடையோ ஒரு டன்னுக்குச் சற்றே அதிகம். அதே நீளமுள்ள வெள்ளைச் சுறா ஏறத்தாழ 2 டன் இருக்கும். உடல் பருமன் அப்படி. நம் காட்டு யானைக் களிறு 4 டன். ஆக, அந்தச் சுறா அரை யானை.

வீட்டில் எட்டுத் தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியைப் போல நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கான பெட்டி ஒன்றை அடுக்கிப் பாருங்கள். எட்டும் வேண்டியிருக்கும். நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. 1949இல் கராச்சிக்கு அருகே 12.65 மீட்டர் நீளமுள்ள திமிங்கிலச் சுறா ஒன்று பிடிபட்டது. பெரிய வெள்ளைச் சுறாவைப்போல இருமடங்கு நீளம், ஆனால் எடை 21 டன்னுக்கும் மேல்! மீன்களிலெல்லாம் பெரிய இனம் இதுதான். இது தின்பதோ கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும். மனிதனைக் கடிக்க அதற்கு வேலையே இல்லை.

நம் நீரிணைக்கும் பெரிய விருந்தாளி வந்ததுண்டு. 1892இல் மலாக்காவுக்குத் தெற்கே ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள திமிங்கிலம் கரை ஒதுங்கியது. அதன் எலும்புக்கூடு 1907 முதல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் தொங்கியது. 1974இல் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து, பின்னர் லாபுவானுக்குப் போனது. திமிங்கிலம் மீனன்று, பாலூட்டி, எலும்பு உண்டு. அதனால்தான் இன்றும் நாடா பிடித்து அளக்க முடிகிறது.

எல்லாவற்றிலும் பெரியது நீலத் திமிங்கிலம். 30 மீட்டர் வரை வளரும். செம்பனை இடைவெளி மூன்றையும் தாண்டிவிடும். எடை 150 டன்னையும் மிஞ்சும். பத்து டன் லாரி பதினைந்து வேண்டும். தரையில் இவ்வளவு பெரிய உயிர் நடமாட முடியாது. கால்கள் தாங்கா. கடலில் தண்ணீரே உடலைத் தாங்குகிறது. கரை ஒதுங்கிய திமிங்கிலம் தன் எடையாலேயே நசுங்கித் திணறுவதும் அதனால்தான்.

பிள்ளைகளே, வெள்ளைச் சுறா பெரும்பாலும் தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, கலிபோர்னியா போன்ற குளிர்ந்த கடல்களில் வாழ்வது. நம் கரையில் கவனிக்க வேண்டியவை நீரோட்டமும் சொறிமீனும். நீந்தத் தெரியாதவர் பெரியவர் துணையின்றி இறங்கலாகாது.

இன்னொன்று. பெண் வெள்ளைச் சுறா முதல் குட்டி ஈனும் பருவத்தை அடைய ஏறத்தாழ முப்பது ஆண்டாகும் என்று கண்டிருக்கிறார்கள். பேர் வாங்குவதற்காக ஆகப் பெரிய சுறாவைத் தேடிப் பிடிப்பவன் கையில் சிக்குவது பெரும்பாலும் ஒரு வயதான தாய். தென் ஆப்பிரிக்கா 1991இலேயே அந்த வேட்டையைத் தடை செய்தது.

நாளை பள்ளித் திடலில் 6, 13, 30 மீட்டர் கயிறுகளை அருகருகே விரித்து, ஒவ்வொன்றின் நீளத்துக்கும் எத்தனை மாணவர் கைகோத்து நிற்கலாம் என்று எண்ணிக் குறித்து வையுங்கள்.