தேநீர்க்கடை வாங்கில் ஓர் இடம்

ஒரு நகரத்தின் உணவுச்சாலைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பண்டங்களின் சுவையையே பேசுவர். அங்கே யார் அமர்ந்து உண்ணலாம் என்பதும் பேசற்குரியதே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க்கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கு உள்ளே இடம் இருக்கவில்லை. அவர்கள் வெளியே நின்றோ நிலத்தில் இருந்தோ, போத்தலிலும் தகரப்பேணியிலும் வார்த்த தேநீரைப் பருகினர். கொடுத்த காசு ஒன்றே; பெற்ற பாத்திரமோ வேறு.

1957-ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சாதி காரணமாக உணவுச்சாலை முதலிய பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தல் அதன்படி குற்றமாயிற்று. ஆயினும், ஏட்டில் எழுதிய உரிமை உடனே வாங்கிற்கு வந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21-ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். அதன்பின் சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. அடிதடிகளும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் அதே உரிமைக்குரல் எழுந்தது. எழுத்தாளர் கே. டானியல் இப்போராட்டங்களைத் தம் ‘பஞ்சமர்’ நாவலில் பதிவு செய்தார்.

அன்று ஒரு கோப்பைத் தேநீரின் விலை சில சதங்களே. பிறர் அருந்தும் கோப்பையில், பிறர் அமரும் வாங்கில் இருந்து அதனை அருந்தும் உரிமைக்கோ மனிதர் உயிரையே விலையாகக் கொடுத்தனர். இன்று யாழ்நகர் உணவுச்சாலையில் தேநீர் கேட்டு அமரும் இளைஞர் அந்த விலையையும் அறிந்திருத்தல் நன்று.