ஜன்னலுக்கு வெளியே நின்றது யார்?



நான் இந்த ஊர்ப் பொண்ணு. அதனால நீங்க கைதட்டலைன்னாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து கேட்டுக்குவேன். (சிரிப்பு)

அதிக மகிழ்ச்சி தந்தது அன்றைய பொழுதுபோக்கா, இன்றைய பொழுதுபோக்கா? இதுதான் தலைப்பு. எதிரணியில பேசின அண்ணன் ஒரு வார்த்தையைப் பதினோரு தடவை சொன்னார். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், கணக்கு டீச்சர் இல்லீங்களா! 'அன்னைக்கு ஊரே ஒண்ணா உக்காந்து பார்த்துச்சு, ஊரே ஒண்ணா உக்காந்து பார்த்துச்சு.' கேட்கிறதுக்குச் சுகமாத்தான் இருக்குது. நானும் ஒரு நிமிஷம் சொக்கித்தான் போனேன். அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு நடுவர் அவர்களே. ஊரே உக்காந்துச்சு, சரி. யாரு எங்க உக்காந்தாங்க?

சினிமாவில் இருந்தே வருவோம். நம்ம கோயம்புத்தூருக்கும் சினிமாவுக்கும் இருக்கிற உறவு சாதாரண உறவு இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கினார். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரமாகவே ஒரு தியேட்டர் கட்டினார். அந்தப் பேரில் இன்றைக்கும் அங்கே ஒரு ரோடு இருக்கிறது. பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த 'மலைக்கள்ளன்' 1954-இல் வந்தது, தமிழ்நாடே பார்த்தது. இதெல்லாம் நமக்குப் பெருமை. நான் இல்லைங்கலை.

ஆனா அந்த டூரிங் டாக்கீஸுக்கு எங்க அமுச்சி எப்படிப் போனாங்கன்னு கேளுங்க. முதல்ல அப்புச்சிகிட்ட உத்தரவு வாங்கணும். அப்புறம் மாமியார்கிட்ட உத்தரவு வாங்கணும். இந்த ரெண்டு பேரும் சரின்னாலும், கறவை மாடு உத்தரவு கொடுக்கணும். (சிரிப்பு) சாயங்காலம் பால் கறக்காம எப்படிப் போறது? கறந்து, சொசைட்டிக்கு ஊத்தி, ராத்திரிச் சோறு ஆக்கி மூடி வச்சு, குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டு அமுச்சி போய்ச் சேரும்போது, கதாநாயகனும் கதாநாயகியும் பிரிஞ்சிருப்பாங்க. எதுக்குப் பிரிஞ்சாங்கன்னு கடைசி வரைக்கும் அமுச்சிக்குத் தெரியாது. பக்கத்துல கேட்டா, அந்தம்மாவும் பால் ஊத்திட்டு இப்பத்தான் வந்திருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

உள்ளே போனா, ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல தட்டி. காசு இருக்கிறவங்களுக்குச் சேர், கொஞ்சம் இருக்கிறவங்களுக்கு பெஞ்சு, மத்தவங்களுக்கு மணல். ஒரே கொட்டகைதான் நடுவர் அவர்களே, ஒரே படந்தான். ஆனா 'ஒண்ணா' உக்காந்தாங்களா?

அடுத்தது ரேடியோ. எதிரணித் தங்கச்சி இலங்கை வானொலியைப் பத்திச் சொல்லும்போது கண்ணு கலங்கினாங்க. மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசின தமிழுக்கு நானும் அடிமைதான். ஆனா எங்க வீட்டு ரேடியோ எங்க இருந்துச்சு தெரியுங்களா? எங்க அப்பாரு தலைக்கு மேல, ஒரு பலகை அடிச்சு, அதுக்கு ஒரு துணி உறை தைச்சுப் போட்டு, சாமி மாதிரி வச்சிருந்தாங்க. அதைத் தொடுற உரிமை அவருக்கு மட்டுந்தான். அவர் செய்தி கேட்பார். விவசாய நிகழ்ச்சி கேட்பார். பருத்தி விலை கேட்பார். பாட்டு வந்தா நிறுத்திப்போடுவார். பாட்டரி தீர்ந்துடுமாம்! (சிரிப்பு)

எங்கம்மா பாட்டு கேட்டது எப்போ? அப்பாரு தோட்டத்துக்குப் போன நேரத்துல. ஒரு காது பாட்டுல, ஒரு காது வாசல்ல. அவர் சைக்கிள் சத்தம் வந்ததும் பாதிப் பாட்டுல நிறுத்தணும். 'எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் பல்லவிதான் அம்மிணி, சரணமே தெரியாது'ன்னு எங்கம்மா இன்னைக்கும் சொல்றாங்க. இதைக் கேட்டு நீங்க சிரிக்கிறீங்க. ஒரு பாட்டை முழுசாக் கேட்கிறதுக்கு ஒரு மனுஷிக்கு அனுமதி இல்லைங்கிறது சிரிக்கிற விஷயமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

இப்போ டி.வி.க்கு வர்றேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. நம்ம பக்கத்துக்கு வந்து சேர வருஷமாச்சு. ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கமாத் திருப்பி வைக்க ஒருத்தர் மாடியில, 'தெரியுதா?'ன்னு கேட்க ஒருத்தர் வாசல்ல, 'போச்சு, போச்சு'ன்னு கத்த ஒருத்தர் உள்ளே. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை சினிமா. 1987 ஜனவரியில இராமாயணம் வந்துச்சு. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. இராமர் அழுதா நாங்களும் அழுதோம். விளம்பரம் வந்தா மூக்கைச் சிந்திக்கிட்டோம்.

அப்போ எனக்குப் பத்து வயசு. எங்க வீதியில டி.வி. இருந்தது ஒரே வீட்டுல. எதிரணி சொல்ற அந்த 'ஊரே ஒண்ணா உக்காந்த' வீடு அதுதான். உக்காந்த வரிசையைச் சொல்றேன் கேளுங்க. சேர்ல வீட்டுக்காரர். கட்டில்ல அவங்க ஒறம்பரை. தரையில எங்களை மாதிரிக் குழந்தைங்க. சமையல்கட்டு வாசல்படியில, கையில கரண்டியோட நின்னுக்கிட்டே பார்த்தது அந்த வீட்டுப் பொம்பளைங்க. ஆச்சுங்களா? இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்குது. ஜன்னல்.

ஜன்னலுக்கு வெளியே, வெயில்ல, கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் நிற்கும். எங்க வீட்டுக்குத் தார் சுத்த வர்ற அக்காவோட பொண்ணு அதுல ஒருத்தி. என் வகுப்புல, என் பெஞ்சுல, என் பக்கத்துல உக்கார்றவ. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார்ற பொண்ணு, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஜன்னலுக்கு அந்தப்பக்கம்! ஏன்? உள்ளே இடம் இல்லையா? நிறைய இடம் இருந்துச்சுங்க. ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஊருக்குள்ள வீடு இல்லாதவங்களுக்கு அந்த வீட்டுக்குள்ள இடம் இல்லை.

அந்த ஜன்னல்ல ஒரு கதவு சரியாத் திறக்காது. அதனால அவளுக்குப் படத்துல பாதிதான் தெரியும். இராமர் தெரிஞ்சா சீதை தெரியமாட்டாங்க. திங்கக்கிழமை வகுப்புல நாங்க ரெண்டு பேரும் கதை சொல்லுவோம். முழுப் படமும் பார்த்த நான் சொன்னதை விட, பாதிப் படம் பார்த்த அவ சொன்ன கதைதான் நல்லா இருக்கும். தெரியாத பாதியை அவளே கட்டிக்குவா. அவ்வளவு கெட்டிக்காரி! நடுவர் அவர்களே, அந்தப் பொற்காலம் திரும்பி வரணும்னு எதிரணி ஆசைப்படுறாங்க. சரி, வரட்டும். ஆனா இந்தத் தடவை ஜன்னல்ல நிக்கிறது யாரு? எதிரணி அண்ணன் நிக்கிறாரா? (நீண்ட கைதட்டல்)

அப்புறம் காலம் மாறுச்சு. 1993-இல் சன் டி.வி. வந்துச்சு, கேபிள் வயர் வீதி வீதியா ஓடுச்சு. 2006-க்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுத்துச்சு, ஒரு கோடிக்கும் மேல. எந்தக் கட்சி, எந்த ஓட்டு, நான் அதுக்குள்ள போகலைங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். எங்க வீதி ஜன்னல் காலியாச்சு. பாதிப் படம் பார்த்த குடும்பத்துக்கு முழுப் படம் கிடைச்சுது, அவங்க சொந்தக் கூரைக்குக் கீழே, யாரையும் கேட்காம.

இப்போ கையில செல்போன். எங்கம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. பல்லவி மட்டும் தெரிஞ்ச அதே அம்மா இப்போ முழுப் பாட்டையும் கேட்கிறாங்க, வேணும்னா ரெண்டு தடவை கேட்கிறாங்க. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல பெரியதம்பித் தாத்தாவும் பேரன்மாரும் சேர்ந்து சமைப்பாங்களே, அது. 2021-இல் ஒரு கோடி பேர் அதுக்கு வாடிக்கையாளர் ஆனாங்க. 'உனக்குத் தெரியாத சமையலாம்மா, அதுல என்ன பார்க்கிறே?'ன்னு கேட்டேன். 'சமையலை யாரு பார்த்தா? அம்பது வருஷம் நான் ஆக்கிப் போட்டேன். இத்தனை ஆம்பளைங்க வேர்த்து விறுவிறுத்துச் சமைக்கிறதை உக்காந்துக்கிட்டுப் பார்க்கிறதே ஒரு சுகம் அம்மிணி!'ன்னாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) 'உக்காந்துக்கிட்டு'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. வாசல்படியில நின்ன பொம்பளை இப்பத்தான் உக்கார்றாங்க.

இன்னொண்ணு. நம்ம கொங்குத் தமிழ் சினிமாவுல ரொம்ப நாள் சிரிக்கிறதுக்கு மட்டுந்தான் வந்துச்சு. 1995-இல் 'சதி லீலாவதி'யில நம்ம கோவை சரளா கமலுக்கு ஜோடியா வந்து இந்தத் தமிழைப் பேசினபோது நாமெல்லாம் விசில் அடிச்சோம். இன்னைக்குக் கோயம்புத்தூர்ல இருந்து நக்கலைட்ஸ் பசங்க நம்ம வீட்டு அம்மா பேசுற மாதிரியே பேசி எடுக்கிறாங்க, உலகத்துல இருக்கிற தமிழனெல்லாம் பார்க்கிறான். நம்ம பேச்சும் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்துடுச்சு.

எதிரணி கேட்டாங்க: 'வீட்டுல நாலு பேரு, நாலு போன், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறதில்லையே?' உண்மை. நான் மறுக்கலை. எங்க வீட்டுலயும் சோத்துக்குக் கூப்பிட வாட்ஸ்அப்புல செய்தி அனுப்பவேண்டி இருக்குது. (சிரிப்பு) ஆனா ஒரே இடத்துல இருக்கிறது வேற, சேர்ந்து இருக்கிறது வேற. தறி ஓட்டுற ஊருக்கு இதை நான் சொல்லித் தரணுங்களா? பாவுல ஆயிரக்கணக்கான இழை பக்கத்துல பக்கத்துலதான் இருக்குது. அதைத் துணின்னு சொல்ல முடியுமா? நாடா குறுக்கே ஓடணும், ஊடை விழணும், அப்பத்தான் துணி. அன்னைக்கு நாம பாவு மாதிரி பக்கத்துல பக்கத்துல இருந்தோம், அவ்வளவுதான். சேர்லயும் ஜன்னல்லயும் இருந்தவங்களுக்கு நடுவுல எந்த நாடாவும் ஓடலை.

இன்னைக்கு எல்லாருக்கும் ஒரு சேர் கிடைச்சிருக்குது. இனிமேல் சேர்ந்து உக்கார்றது நம்ம கையில இருக்குது. அதுக்கு ஒரு வழி சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், நாலு போனையும் ஓரமா வையுங்க. வீட்டுல இருக்கிற ஒரு டி.வி.யைப் போடுங்க. என்ன பார்க்கிறதுன்னு வாரம் ஒருத்தர் சொல்லட்டும். முதல் வாரம், இத்தனை வருஷம் யாரும் கேட்காத ஆள்கிட்ட கேளுங்க: 'அம்மா, உனக்கு என்ன பார்க்கணும்?' இந்தக் கேள்வியை எந்தப் பொற்காலத்துலயும் யாரும் கேட்டதில்லை. கேட்கிற வசதி வந்தது இந்தக் காலத்துலதான்.

பாதிப் படம் பார்த்த என் சிநேகிதி இப்போ வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். அவ வகுப்புல எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில தரையில உக்காந்து கதை கேட்குதுங்க. அந்தப் பிள்ளைகளுக்கு முழுக்கதையும் தெரியும்.

ஆகவே நடுவர் அவர்களே, ஜன்னலைக் காலி பண்ணி, வாசல்படியில நின்னவங்களை உக்கார வச்ச இன்றைய பொழுதுபோக்கே அதிக மகிழ்ச்சி தந்தது என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)