எலும்பு கூறும் செய்தி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளைப் பேசுவது மரபு. நாமோ நம் பிழை ஒன்றைக் கூறித் தொடங்க விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் எட்டாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன், தொடை வலிக்கிறதென்று விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி நின்றான். சோம்பல் என்று கருதிக் கடிந்துகொண்டோம். வீட்டில் எண்ணெய் தடவி நீவிவிட்டனர். காய்ச்சல் கண்டபோது எலும்பில் சீழ் என்றெண்ணி மருந்து கொடுத்தனர். நான்கு மாதங்கள் கழித்தே அது யூயிங் சர்க்கோமா என்னும் எலும்புப் புற்று எனத் தெரிந்தது. அதற்குள் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வரவில்லை.

1921ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் யூயிங் விவரித்த நோய் இது. ஐரோப்பிய வழிவந்த பிள்ளைகளிடம் மிகுதி. ஆப்பிரிக்க வழிவந்தோரிடம் மிகக் குறைவு. இதனைக் கேள்வியுற்ற தந்தையார், "ஐயா, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற நோய் என் பிள்ளைக்கு ஏன் வந்தது? நாங்கள் செய்த பாவமா?" என்று கேட்டார். அன்று நம்மிடம் விடையில்லை. பின்னர்ப் படித்தறிந்ததை இன்று கூறுகிறோம்.

பாவம் அன்று. பெரும்பாலும், 11ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டுவதால் இந்நோய் பிறக்கிறது. அவ்வாறு இணையும் மரபணுக்களை 1992இல் அறிஞர்கள் கண்டனர். இம்மாற்றம் கட்டியின் உயிரணுக்களில் மட்டும் நேர்வது, பெற்றோர் தருவதன்று. ஆனால் அந்த இணைந்த மரபணு பற்றிக்கொண்டு செயற்படும் சில இடங்கள் பெற்றோர் வழி வருபவை. அவை மக்களினத்துக்கு மக்களினம் சிறிது வேறுபடும். நோய்க்கு இடந்தரும் அத்தகைய வேறுபாடொன்று ஐரோப்பியரிடம் மிகுதி என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வேறுபாடுகள் பழைய பயணங்களின் சுவடுகள். மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கிருந்து புறப்பட்டோரின் வழிவந்தவர்களே உலகெங்கும் பரவினர். சென்ற வழிதோறும் சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்தன. இந்தியாவில் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் பெரிதும் கலந்தனர் என்றும், அதன் பின்னரே அகமணம் இறுகியது என்றும் ஐதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். குருதியில் உயர்வு தாழ்வு தேடுவோர்க்கு இதுவே விடை.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. இச்சுவடுகள் ஒரு பெருங்கூட்டத்தின் வாய்ப்பைக் கூறும். ஒரு குழந்தையின் நோயைக் கூறா. அரிது என்பதற்கு இல்லை என்று பொருளில்லை. சிறார் எலும்புப் புற்றுகளில் முதலிடம் பெறும் ஆஸ்டியோசர்க்கோமா எல்லா மக்களினத்தாரிடமும் தோன்றுகிறது; வளரும் பருவத்தில், பெரும்பாலும் முழங்காலை அடுத்தே தோன்றுகிறது.

ஆகவே பெற்றோர்களே, ஓய்விலும் இரவிலும் தொடரும் எலும்பு வலி, வாரக்கணக்கில் நீங்காத வலி, வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் நீவிவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஐயம் இருப்பின் எம்.ஆர்.ஐ. படமும் திசுச் சோதனையும் வேண்டும். அச்சோதனையை, அறுவை செய்யவிருக்கும் மருத்துவமனையிலேயே செய்வது நலம். பரவுமுன் கண்டால், மருந்தும் அறுவையும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் காக்கின்றன. பலர்க்குக் காலும் மிஞ்சுகிறது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நோட்டும் புத்தகமும் வழங்கிவரும் இக்கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நோயுற்ற பிள்ளையைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் துணைக்கு ஓராளும் பேருந்துக் கட்டணமும் தாருங்கள். கூலி வேலையை ஒருநாள் விட இயலாமல் தள்ளிப்போடும் வீடுகள் நம்மிடம் பல. ஆசிரியர்களாகிய நாமும், வலிக்கிறது என்று கூறும் பிள்ளையை முதலில் நம்புவோம்.