கோட்டைத் தாண்டு முன்னே கொண்டாட்டமா?

(தோட்டச் சிறுவர், இளைஞர் விளையாட்டுப் போட்டியின் தொடக்கத்தில் கல்முனையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

கல்முனைக் கடற்கரை வெயிலிலே கிடந்த நாங்கள் இந்தக் குளிருக்குள்ளே வந்து நிற்கின்றோம். விடிய நீங்கள் தந்த தேத்தண்ணி இல்லாவிட்டால் எங்கட வாய் திறந்திருக்காது. போட்டி தொடங்க முன்னர் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒழுக்கம், கட்டுப்பாடு என்று பொதுவாகப் பேசாமல், ஒரேயொரு விசயத்தை மட்டும் பேச நினைக்கின்றோம். கோல் விழ முன்னரே கொண்டாடுகின்ற பழக்கம்.

அமெரிக்காவிலே 'ஃபுட்போல்' என்று ஒன்று ஆடுகிறார்கள். நம்மட உதைபந்து அல்ல, றக்பிக்குச் சொந்தக்காரன். முட்டை மாதிரியான பந்தைக் கையிலே இடுக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்து கோட்டைத் தொடும்போது கையில் இருந்தால் 6 புள்ளி. அவ்வளவுதான் சட்டம். 2008 செப்டெம்பர் 15ஆம் திகதி டீஷோன் ஜாக்சன் என்ற புது ஆட்டக்காரர், எட்டிய தூரத்தில் ஒருவரும் இல்லாமல் தன்னந்தனியே ஓடினார். கோட்டுக்கு ஒரு யார் இருக்கும்போதே 'முடிஞ்சுது' என்று பந்தைப் பின்னால் விட்டுவிட்டு ஆடத் தொடங்கிவிட்டார். படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். புள்ளி இல்லை. எதிரணியினரும் கவனிக்காமல் நின்றதால் பந்து அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது, அடுத்த முயற்சியில் தப்பினார்கள்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. 2014 நவம்பரிலே யூட்டா பல்கலைக்கழகத்துப் பொடியன் ஒருவர் இதே வேலையைச் செய்தார். அவர் தன் கூட்டத்தோடு துள்ளிக்கொண்டிருக்க, எதிரணி ஓரிகன்காரர் கீழே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறு கோடி மட்டும், 100 யார் தூரம் ஓடிப் புள்ளி எடுத்துவிட்டார்கள்! 14க்கு 0 என்று நிற்க வேண்டிய ஆட்டம் 7க்கு 7 ஆனது. கடைசியில் யூட்டா தோற்றது. 2024 டிசம்பரிலே ஜொனதன் டெய்லர் என்ற பெரிய ஆட்டக்காரரும் இப்படியே பந்தை நழுவ விட்டார், அவருடைய அணியும் தோற்றது. இத்தனை பேரும் சம்பளத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் ஆடுகிறவர்கள். தெரியாமல் செய்யவில்லை. கால் கோட்டுக்குப் போக முன்னர் மனம் போய்விடுகின்றது, அதுதான் காரணம்.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்று பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். சரி, நம்மட கதைக்கு வருவோம். முரளி.

முத்தையா முரளிதரனைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்து வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் அந்தப் பேரன். 2006 டிசம்பரிலே நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் டெஸ்ட் ஆட்டம். இலங்கையின் இரண்டாம் இன்னிங்ஸ். ஒன்பது விக்கெட் போய்விட்டது. ஒரு பக்கத்தில் குமார் சங்கக்கார, மறு பக்கத்தில் கடைசி ஆளாக முரளி. சங்கக்கார ஓர் ஓட்டம் எடுத்துச் சதம் அடித்தார். முரளியும் ஓடிமுடித்துத் தன் பக்கத்துக் கோட்டுக்குள் மட்டையை வைத்தாயிற்று. அத்தோடு நின்றிருக்கலாம். கூட்டாளியின் சதத்தைக் கண்ட சந்தோசத்தில், கைகொடுக்க அவரை நோக்கி நடந்தார். எல்லையோரத்திலிருந்து வந்த பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தது. விக்கெட் காப்பாளர் பிரெண்டன் மெக்கலம் அதைப் பிடித்துக் குச்சியைத் தட்டினார். ரன்-அவுட். சங்கக்கார 100 ஓட்டத்தோடு நிற்க, இலங்கை 170க்குச் சுருண்டது. நியூசிலாந்துக்குத் தேவைப்பட்டது 119 ஓட்டம், அதை ஐந்து விக்கெட் இழந்து எடுத்துவிட்டார்கள்.

மெக்கலம் செய்தது சரியா பிழையா? எங்களுக்குள்ளேயே இதிலே இரண்டு கட்சி உண்டு, வரும் வழியில் பஸ்ஸிலேயும் சண்டை பிடித்தோம். சட்டப்படி அது அவுட்தான். ஆனால் பத்து வருசம் கழித்து, 2016இல் லண்டனில் ஒரு பெரிய சபையிலே பேசிய மெக்கலம், அங்கே வந்திருந்த சங்கக்காரவிடமும், முரளியிடமும் அந்தச் செயலுக்காக மன்னிப்புக் கேட்டார். அது பெரிய மனசு. ஆனாலும் மன்னிப்பு ஸ்கோரை மாற்றாது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஜாக்சன் பந்தை விட்டது தன்னைக் காட்ட. முரளி கோட்டை விட்டது கூட்டாளி மேலுள்ள அன்பினால். இரண்டையும் ஒரே தராசிலே போட எங்களுக்கு மனம் வராது. ஆனால் நடுவருக்கு மனசைப் பார்க்கும் வேலை இல்லை. கோட்டை மட்டும்தான் பார்ப்பார்.

எங்கட கடற்கரையிலே கரைவலை இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். மீன் கிடக்கிற மடி கடைசியில்தான் கரைக்கு வரும். மடி கண்ணுக்குத் தெரிகிற நேரம்தான் ஆபத்து. மீனைப் பார்த்த சந்தோசத்தில் ஒரு பக்கம் தளர்ந்து, வலையின் அடிப்பக்கம் மணலை விட்டு எழும்பினால், மீன் கீழாலே போய்விடும். பழைய ஆட்கள் அந்த நேரத்திலேதான் கூடுதலாகச் சத்தம் போடுவார்கள். உங்களுக்கும் இது தெரியாததல்ல. மலையிலே கூடை நிறைந்தாலும், கொழுந்து மடுவத்திலே நிறுத்துப் பதிந்தால்தானே பேர்? கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்.

ஆகவே தம்பிமாரே, உதைபந்தில் பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகத் தாண்டினால்தான் கோல். கோட்டிலே பந்து கிடந்தால் கோல் இல்லை, எத்தனை பேர் கத்தினாலும் இல்லை. கபடியிலே தொட்டுவிட்டு வருகிறவர் நடுக்கோட்டுக்கு ஓரடி முன்னே கையைத் தூக்கி ஆடி, காலைப் பிடிபட்டு விழுவதை எத்தனை தரம் பார்த்திருக்கின்றோம்! எங்கட பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கின்றோம். பயிற்சியிலே கோல் அடித்தவரே போய் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துவர வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவும் துள்ளலாம். கூட நிற்கிறவருக்கும் வேலை உண்டு. 'இன்னும் முடியல்ல' என்று கத்த வேண்டியவர் அவர்தான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இன்றைக்கு ஒரு பிள்ளை கடைசி நேரத்தில் பிழை விடலாம். லயத்துக்குப் போனபிறகும், ஒரு மாசம் அதையே சொல்லிச் சிரிக்க வேண்டாம். அப்படிச் சிரித்ததால் பந்தைத் தொடாமலே விட்ட கெட்டிக்காரப் பொடியன்மார் எங்கட ஊரிலும் இருக்கிறார்கள். கிறைஸ்ட்சேர்ச்சிலே அவுட்டான முரளி அடுத்த டெஸ்டிலும் பந்து போட வந்தார். ஒருவரும் அவரை வீட்டில் இருத்தவில்லை.

இப்போது 100 மீற்றர் ஓட்டம். முடிவுக்கோட்டுக்கு ஐந்தடி தள்ளி ஒரு சிவப்புக் கயிறு பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். கணக்கு வெள்ளைக் கோட்டில்தான், ஆனாலும் கயிறு மட்டும் ஓடுங்கள். சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும்.