சோதனையிலும் தளராத சமுதாயத் தோழர்

(காயிதே மில்லத் அவர்களின் நினைவு நாளையொட்டி நமது பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

மனிதர்களுக்கு நன்றி பாராட்டாதவன் இறைவனுக்கும் நன்றி பாராட்டியவன் ஆகமாட்டான் என்னும் கருத்தை நபிமொழியின் வாயிலாக நாம் அறிந்திருக்கிறோம். அந்த நன்றிக்கடனைச் செலுத்தவே இன்று இங்குக் கூடியிருக்கிறோம். இந்த ஜமாஅத்தில் பல கட்சிகளைச் சார்ந்தவர்கள் இருக்கிறீர்கள். அரசியல் பேசுவதற்காக நான் இவ்விடத்தில் நிற்கவில்லை. ஒரு நல்ல மனிதர், ஒரு நல்ல தோழர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை எடுத்துரைக்கவே நிற்கிறேன். அவர்தாம் மர்ஹூம் எம். முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள். சமுதாய வழிகாட்டி என்னும் பொருளில் காயிதே மில்லத் என்று நாம் அன்போடு அழைக்கும் பெருந்தகை.

நமது பிள்ளைகளிடம் காயிதே மில்லத் யார் என்று கேட்டால், சென்னையில் அப்பெயரில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது என்று கூறுவார்கள். 1974-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு கல்லூரி அது. ஒரு காலத்தில் நாகப்பட்டினம் மாவட்டமும் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் மாவட்டங்களுக்கு இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. பலகையில் எழுதிய பெயர் நீங்கக்கூடும். நெஞ்சில் எழுதிய பெயர் நீங்கலாகாது. அதற்காகவே அவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறேன்.

1896-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகர்; மார்க்கக் கல்வியும் வாய்க்கப் பெற்றவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அக்குழந்தைக்குத் திருக்குர்ஆனையும் அரபு மொழியையும் கற்பித்தவர் அவருடைய அன்னையார். சகோதரர்களே, இதை நாம் கவனிக்க வேண்டும். எத்தீமாக வளர்ந்த ஒரு பிள்ளையைச் சமுதாயத்தின் தலைவராக ஆக்கிய முதல் மதரஸா ஒரு தாயின் மடியாகவே இருந்தது. நமது வீட்டுப் பெண்மக்களின் கல்வியைக் குறைத்து மதிப்பிடுவோர் இந்த ஒரு செய்தியைச் சிந்தித்தால் போதுமானது.

1920-ஆம் ஆண்டில் அவர் பி.ஏ. வகுப்பில் பயின்றுகொண்டிருந்தார். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அக்காலத்தில் பி.ஏ. பட்டம் என்பது அரசு உத்தியோகத்தின் வாயிற்கதவு. ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்ததும் தேர்வைத் துறந்து வெளியேறினார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, உழைத்து உண்டு, எஞ்சிய நேரத்தைப் பொதுப்பணிக்கு வழங்கினார். பொதுப்பணியையே வயிற்றுப் பிழைப்பாக ஆக்கிக்கொள்ளாத தலைமுறையைச் சார்ந்தவர் அவர்.

இனி, அவருடைய வாழ்வின் மிகக் கடினமான காலத்திற்கு வருவோம். 1947-இல் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் வந்தது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. எண்ணற்ற உயிர்கள் மாண்டன. அதுவரை முன்னணியில் நின்ற தலைவர்களில் பலர் எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டனர். இங்கு எஞ்சிய முஸ்லிம்களை ஐயக் கண்ணோடு பார்த்தோர் இருந்தனர். முஸ்லிம்களும் திகைத்து நின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில் கூடிய பழைய முஸ்லிம் லீக் கவுன்சில் இரண்டாகப் பிரிவது என்று முடிவு செய்து, இந்தியப் பகுதியின் பொறுப்பை இஸ்மாயீல் சாஹிப் அவர்களிடம் ஒப்படைத்தது.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஒதுங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. வணிகத்தைக் கவனித்துக்கொண்டு நிம்மதியாக வாழவும் வழி இருந்தது. அவர் சென்னைக்குத் திரும்பி வந்தார். 1948-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூட்டம் நடைபெற்றது. அமைப்பைக் கலைத்துவிடலாம் என்றோரும் அங்கு இருந்தனர். நாட்டின் பெருந்தலைவர்களும் அதனையே விரும்பினர். இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு, இந்திய மண்ணில் இந்தியக் குடிமக்களாக, சட்டத்தின் வழியில் நின்று சமுதாயத்திற்குப் பாடுபடுவது என்னும் முடிவோடு இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை அன்று ஏற்றவர், 1972-இல் மறையும் வரை, இருபத்து நான்கு ஆண்டுகள் சுமந்தார்.

அந்த முடிவின் சரி தவறுகளை வரலாற்று ஆசிரியர்கள் ஆராய்வார்கள். நாம் கற்க வேண்டியது, அஞ்சி நின்ற மக்களை விட்டு அகலாத அந்தத் தோழமையை. இன்பக் காலத்தில் உடன் வருவோர் பலர். ஸவ்ர் குகையில் உடனிருந்தவர் ஒருவரே. அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் அந்தத் தோழமையிலிருந்தே உம்மத்துக்குத் தோழமை என்பதன் இலக்கணம் கிடைத்தது. துன்பத்துடன் இலகுவும் இணைந்தே வருகிறது என்பதை இருமுறை உறுதிப்படுத்தும் சூராவை நாம் தொழுகையில் ஓதுகிறோம். அதனை வாழ்ந்து காட்டியோர் சிலரே.

அரசியல் நிர்ணய சபையில் அவர் உறுப்பினராக இருந்தார். 1948 நவம்பர் 23-ஆம் நாள் பொது சிவில் சட்டம் குறித்த பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமூகத்தாரையும் அவரவருடைய தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்னும் திருத்தத்தை முன்மொழிந்தவர் அவரே. அது ஏற்கப்படவில்லை. 1949 மே மாதத்தில் தனித்தொகுதி முறைக்காக வாதாடினார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பலர் அதனை எதிர்த்தனர். அதுவும் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் எழுந்தபோது, தொன்மையை அளவுகோலாகக் கொள்வதாயின் தமிழுக்கே அத்தகுதி உண்டு என்று எடுத்துரைத்தார். அதுவும் நிறைவேறவில்லை.

இத்தனை தோல்விகளுக்குப் பின்னும் அவர் நாவிலிருந்து கடுஞ்சொல் வரவில்லை. அவையை வெறுத்து ஒதுங்கவுமில்லை. எந்த அவையில் தம் திருத்தங்கள் வீழ்ந்தனவோ, அந்த அவை இயற்றிய அரசியல் சட்டத்தை ஏற்று, அதன்கீழ் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், பின்னர் மக்களவையிலும் பணியாற்றினார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். நெல்லையில் பிறந்த தமிழரை மலையாள மக்கள் மும்முறை தங்கள் பிரதிநிதியாக அனுப்பினர் என்றால், அந்த நம்பிக்கை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்புச் சகோதரர்களே! காஞ்சி மாநகரில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு தனி உரிமையும் உண்டு. நமது ஊரில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா அவர்களுக்கும் காயிதே மில்லத் அவர்களுக்கும் இடையே மலர்ந்த நட்பைக் கூறுகிறேன். ஒருவர் மார்க்கப் பற்று மிகுந்தவர். மற்றவர் பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர். இருவரின் கொள்கைகளுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதன்று. 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா அவர்கள் இந்தக் காஞ்சியிலேயே தோல்வியுற்று, பின்னர் மாநிலங்களவைக்குச் சென்றார். அதே ஆண்டில் காயிதே மில்லத் அவர்கள் மக்களவைக்குச் சென்றார். சீனப் படையெடுப்பு நிகழ்ந்த அவ்வாண்டில், அண்ணா அவர்கள் தமது தனிநாட்டுக் கோரிக்கையை நாட்டின் நலன் கருதி ஒதுக்கி வைத்தார்கள். காயிதே மில்லத் அவர்களோ, தம் ஒரே மகனையும் போர்முனைக்கு அனுப்ப ஆயத்தமாக இருப்பதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார் என்ற செய்தியை நம் பெரியோர்கள் இன்றும் பெருமையுடன் கூறுவர். பிரிவினையின்போது ஐயத்தோடு பார்க்கப்பட்ட சமுதாயத்தின் தலைவர் அளித்த விடை அது. 1967 தேர்தலில் இருவரும் ஓரணியில் நின்றனர். அண்ணா அவர்கள் முதலமைச்சரானார்கள்.

நபித்துவத்திற்கு முன்னர், மக்கா நகரில் அநீதி இழைக்கப்பட்டோருக்குத் துணை நிற்பதென்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஹில்ஃபுல் ஃபுளூல் என்று அதனை வரலாறு குறிக்கிறது. அதில் பங்கேற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், நபியான பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்னும் கருத்தில் அதனைப் போற்றியிருக்கிறார்கள். நன்மையான காரியத்தில் பிற சமயத்தாருடன் கைகோத்து நிற்பதற்கு நமக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நமது ஊர்த் தறியை நீங்கள் அறிவீர்கள். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒவ்வொன்றுக்கும் தனி நாடா. இரண்டையும் கோர்வை போட்டு இணைப்பதற்குத் தறியில் இருவர் வேண்டும். சேலை நைந்து கிழிந்தாலும் அந்த இணைப்பு மட்டும் பிரியாது என்பது நெசவாளர்கள் பெருமையோடு கூறும் சொல். கரை தன் நிறத்தை இழப்பதில்லை. உடலும் தன் நிறத்தை இழப்பதில்லை. காயிதே மில்லத் அவர்கள் பிறருடன் கொண்ட நட்பு இத்தகைய கோர்வையாக இருந்தது. தொழுகையிலும் மார்க்க ஒழுக்கத்திலும் இம்மியும் பிசகாமல், மாற்றுக் கருத்துடையோரின் நெஞ்சையும் அவர் வென்றார். கோவில்களும் பள்ளிவாசல்களும் அருகருகே நிற்கும் இந்நகரில், பாவு போடுபவரும் சாயம் தோய்ப்பவரும் தறியில் அமர்பவரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் இந்நகரில், அந்தக் கோர்வை அறுந்துவிடாமல் காப்பது நமது கடமை.

கல்வித் துறையில் அவர் காட்டிய ஆர்வத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-இல் தோன்றின. 1955-இல் அதிராம்பட்டினத்திலும், 1956-இல் உத்தமபாளையத்திலும், 1965-இல் நமக்கு அண்மையிலுள்ள மேல்விஷாரத்திலும், 1971-இல் திருநெல்வேலியிலும் சமுதாயக் கல்லூரிகள் எழுந்தன. இவற்றை எழுப்பியோர் அவ்வவ்வூர் வள்ளல்களும் அறக்கட்டளையினரும் ஆவர். செல்வம் படைத்தோர் கல்விக்கு வழங்க வேண்டும் என்று ஊர்தோறும் வலியுறுத்தி, அச்சூழலை உருவாக்கியதில் காயிதே மில்லத் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அக்கல்லூரிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர்.

இவ்வளவு பெரிய பொறுப்புகளை வகித்தவர் குரோம்பேட்டையில் எளிய வாழ்வே வாழ்ந்தார். பதவிகள் அவரிடம் வந்தன, செல்வம் சேரவில்லை. 1972 ஏப்ரல் 5-ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கமானார். 1996-இல் அவருடைய நூற்றாண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

பெரியோர்களே! புகழுரையோடு நாம் கலைந்து சென்றால் அந்தப் பெருந்தகைக்கு நாம் செய்தது ஒன்றுமில்லை. நமது ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, தறித்தொழில் நலிவடைந்து கடனில் வாடும் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடுகிறது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்பு. ஒவ்வொரு தெருவுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருந்து, படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா என்று பள்ளி திறக்கும் மாதத்தில் விசாரித்து நிர்வாகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பைத்துல்மால் நிதியில் முதல் உரிமை அப்பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.

இரண்டாவது, கருத்து மாறுபட்டால் பேச்சை முறித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. பொதுக்குழுவில் தம் தீர்மானம் தோற்றதற்காகப் பள்ளிவாசல் வருகையையே குறைத்துக்கொள்வோர் உண்டு. மூன்று முறை பேரவையில் தோற்றவர் பணியிலிருந்து விலகவில்லை என்பதை அவர்கள் நினைவிற்கொள்ளட்டும்.

மூன்றாவது, பெரிய தலைவர்களுக்கு வரலாறு எழுதப்பட்டுவிடும். நமது மஹல்லாவில் மையித்துகளைக் குளிப்பாட்டியவர்கள், நோன்புக் கஞ்சி காய்ச்சியவர்கள், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குச் சுமந்தவர்கள் முதுமையுற்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எவரும் வரலாறு எழுதுவதில்லை. வாரம் ஒருமுறை இளைஞர்கள் இருவர் அவர்களுடைய வீட்டிற்குச் சென்று நலம் விசாரித்து, அவர்கள் கூறுவதைக் குறித்து வரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அச்செய்திகள் இடம்பெறட்டும். உயிரோடு இருக்கும்போதே நன்றி செலுத்துவது மேலானதன்றோ!

யா அல்லாஹ்! மர்ஹூம் காயிதே மில்லத் அவர்களின் பணிகளை ஏற்று, அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவாயாக! அவர்களுடைய பொறுமையிலும் இன்சொல்லிலும் எங்களுக்கும் ஒரு பங்கை அருள்வாயாக! இம்மஹல்லாவுக்குத் தொண்டாற்றி மறைந்த அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வாயாக! இந்நகரில் வாழும் எல்லா மக்களுக்கும் அமைதியையும் வாழ்வாதாரத்தையும் வழங்குவாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.