மூச்சுக்கு ஓர் ஆள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பாடசாலையின் நூறு ஆண்டுப் பெருமையைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்கப்பட்டது வேறொன்று. இந்தப் பாடசாலையில் படித்து மிருக வைத்தியர்களானவர்களும், தாதியராகவும் ஆசிரியைகளாகவும் இருப்பவர்களுமாக நாங்கள் சிலர், தலவிலக் கரையில் நாய்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும் முகாம்களில் சேர்ந்து வேலை செய்து வருகிறோம். அதைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார்கள். அந்த வேலையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: மயக்கத்தில் கிடக்கும் மிருகத்தின் மூச்சைக் கவனிப்பது.

தலவிலவை உங்களில் பலருக்குத் தெரியும். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குப் பக்கம், கடலைப் பார்த்தபடி புனித அன்னம்மாள் ஆலயம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருநாள். தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக வந்து நாட்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். சனம் உள்ள மட்டும் நாய்களுக்கும் குறைவில்லை. திருநாள் முடிந்து கூடாரங்களைக் கழற்றிய பிறகு நாய்கள் மட்டும் மிஞ்சும். வளர்க்க முடியாத குட்டிகளைக் கோயில் வாசலில் விட்டுப் போகும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை 2006இல் அரசாங்கம் எடுத்தது. அதன் பிறகு நமக்கு உள்ள வழி, விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடையுந்தான்.

கருத்தடை என்றால் மயக்க மருந்து வேண்டும். முகாம்களில் பெரும்பாலும் சைலசீன், கெற்றமின் போன்ற ஊசி மருந்துகளைப் பாவிப்பார்கள். மருந்து வலியை உணரவிடாது. அதே மருந்து மூச்சையும் தணிக்கும். விழித்திருக்கும் உடம்பில் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கொஞ்சம் கூடினாலே மூளை “மூச்சை எடு” என்று தூண்டும். மயக்கத்தில் அந்தத் தூண்டுதல் மந்தமாகிவிடும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கலாம். மயக்கத்தில் பல வேளைகளில் மூச்சு முதலில் கெடும், பிறகுதான் இதயம் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ளது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நாய் பிழைக்கும்.

எதைப் பார்ப்பது? முதலில் எண்ணிக்கை. மயக்கத்தில் உள்ள நாய் நிமிடத்துக்கு 8 முதல் 20 தடவை வரை மூச்சு விடலாம். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு மூச்சில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் காற்றுப் போக வேண்டும். நம் ஊர் நாய் ஒன்று 15 கிலோ என்று வைத்தால், ஒரு தடவைக்கு ஒரு தேநீர்க் கோப்பையளவு. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நிற்கும் காற்று நுரையீரலைச் சேராது. ஆகவே நிமிடத்துக்கு 40 தடவை மேலோட்டமாக மூச்சு வாங்கும் நாய், பார்வைக்கு நன்றாக மூச்சு விடுவது போலத் தெரிந்தாலும் உள்ளே காற்றுக் குறைந்து கிடக்கலாம். நெஞ்சு எத்தனை தடவை எழுகிறது என்பதோடு எவ்வளவு எழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கெற்றமின் கொடுத்த மிருகம் சில வேளை மூச்சை உள்ளே இழுத்து, பிடித்து வைத்து, பிறகு விடும். புதிதாக வருபவர்கள் மூச்சு நின்றுவிட்டதென்று பதறுவார்கள். பழகியவர் கையை நெஞ்சில் வைத்தபடி காத்திருப்பார். மூக்கருகே பஞ்சுத் துணுக்குப் பிடித்துப் பார்ப்பது பழைய முறை. தலவிலக் கடற்காற்றில் பஞ்சு தானாகவே ஆடும். அங்கே உள்ளங்கையும் ஸ்டெதஸ்கோப்பும்தான் நம்பகமானவை.

நாக்கின் நிறத்தையும் பார்க்கிறோம். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. ஆனால் நாக்கு நீலமாகும் வரை காத்திருக்கக்கூடாது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 5 கிராம் ஹீமோகுளோபின் ஒட்சிசனை இழந்த பிறகுதான் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியும். உண்ணியாலும் கொழுக்கிப்புழுவாலும் இரத்தம் குறைந்த தெருநாயில் அந்த நீலம் தெரியாமலே உயிர் போகலாம்.

இனிக் கருவி. கொரோனாக் காலத்தில் உங்கள் வீடுகளில் விரலில் மாட்டிய அதே ஒட்சிமீற்றர்தான். அதன் அடிப்படையைக் கண்டவர் ஜப்பானிய பொறியியலாளர் தக்குவோ அவோயாகி, 1974இல். நாய்க்கு அதை நாக்கில் மாட்டுவோம். 95க்கு மேல் இருந்தால் ஆறுதல். 90க்குக் கீழே போனால் அவசரம். ஆனால் வெயில் நேரே பட்டால் அது தவறாகக் காட்டும். துணியால் மூட வேண்டும். கறுப்புத் திட்டுள்ள நாக்கில் சரியாகப் பிடிக்காது. ஒரே இடத்தில் நெடுநேரம் கவ்வியிருந்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்து எண் இறங்கும். இடத்தை மாற்றி நாக்கை ஈரமாக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும் நாயில் மூச்சு நின்று சில நிமிடங்கள் வரையும் இந்தக் கருவி நல்ல எண்ணையே காட்டக்கூடும். அதனால்தான் வசதியுள்ள மருத்துவமனைகளில் கப்னோகிராப் வைத்திருக்கிறார்கள். வெளிவிடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டை அது ஒவ்வொரு மூச்சுக்கும் அளக்கும். நாயில் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் சரியான அளவு. மூச்சு நின்றால் திரையில் கோடு உடனே படுத்துவிடும்.

நாங்கள் படித்த காலத்தில் வகுப்புக்கு ஒரு மொனிற்றர் இருந்தாள். இந்தக் கருவிகளுக்கும் அதே பெயர்தான். இலத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு எச்சரிப்பவர் என்று பொருள். கருவி எண்ணைக் காட்டும். அந்த எண் நாயைப் பற்றியதா, வெயிலைப் பற்றியதா என்று பிரித்தறிந்து எச்சரிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எந்த மிருகத்தைப் பார்க்கிறோம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். தலவிலக் கரையே இதற்குப் பாடசாலை. கற்பிட்டியில் திரியும் கழுதைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். கழுதையைப் பக்கவாட்டில் கிடத்தினால் வயிற்றின் பாரம் நுரையீரலை அழுத்தும். கீழ்ப்பக்க நுரையீரலுக்கு இரத்தம் போகும், காற்றுப் போதாது. நெஞ்சு ஒழுங்காக எழுந்து தாழும்போதே இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்துகொண்டிருக்கும். அதனால் நெஞ்சசைவை மட்டும் நம்பக்கூடாது. படுத்திருக்கும் நேரத்தையும் சுருக்க வேண்டும்.

வலையில் அகப்பட்டுக் காயப்படும் கடலாமை இன்னொரு விதம். அதற்கு உதரவிதானம் இல்லை. நெடுநேரம் மூச்சை அடக்கப் பழகிய உடம்பு. நுரையீரலுக்குப் போகாமலே இரத்தத்தைச் சுற்றிவிட அதன் இதயத்தால் முடியும். ஆகவே மயக்க வாயு உள்ளே போகவும் தாமதம், வெளியே வரவும் தாமதம். வெளிவிடும் மூச்சை அளந்து இரத்தத்தின் நிலையை ஊகிப்பதும் ஆமையில் சரிவராது. வைத்தியர் நிமிடத்துக்குச் சில தடவை பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். விழித்தெழ மணிக்கணக்காகலாம். அதற்கு முன் கடலில் விட்டால் ஆமையும் மூழ்கிச் சாகும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக் கடலில் கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களின் கதை எல்லாவற்றிலும் பெரிய பாடம். டொல்பின் தானாக நினைத்துத்தான் ஒவ்வொரு மூச்சையும் எடுக்கிறது. அமெரிக்காவில் ஜோன் லில்லி என்ற விஞ்ஞானி 1955இல் டொல்பின்களுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது, நினைவோடு மூச்சும் நின்று அவை இறந்தன. 1960களில் சாம் ரிட்ஜ்வே என்ற மிருக வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும், டொல்பினின் மூச்சுப் போக்கிற்கேற்ப இயந்திரத்தால் காற்றூட்டிய பிறகுதான் டொல்பினை மயக்கி மீட்க முடிந்தது. மிருகத்தின் மூச்சை விளங்கிக்கொண்ட பிறகே மருந்து பயன்பட்டது.

மீண்டும் நாய்களிடம் வருகிறோம், ஏனென்றால் நாங்கள் கேட்க வந்தது அங்கேதான் இருக்கிறது. பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை 98,036 நாய்களையும் 79,178 பூனைகளையும் பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2008இல் வெளிவந்தது. மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் நாய்களில் நூற்றுக்கு 0.17, பூனைகளில் 0.24. எப்போது இறந்தன என்பதுதான் முக்கியம். இறந்த நாய்களில் ஏறத்தாழப் பாதியும் பூனைகளில் பாதிக்கு மேலும், சத்திரசிகிச்சை முடிந்த பிறகே இறந்தன. அவற்றிலும் பெரும் பங்கு முதல் மூன்று மணித்தியாலத்துக்குள். பூனைகளில் நாடியையும் ஒட்சிசனையும் கவனித்து வந்த இடங்களில் ஆபத்துக் குறைந்திருந்தது.

முகாமில் அந்த மூன்று மணித்தியாலம் எப்படிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். தையல் முடிந்ததும் வைத்தியர் அடுத்த நாயிடம் போவார். வரிசையில் இன்னும் பத்து நாய் நிற்கும். முடிந்த நாயை மரநிழலில் பாயில் கிடத்துவார்கள். எல்லோர் கண்ணும் மேசையில். பாயில் கிடக்கும் நாய்க்கு யார் இருக்கிறார்?

எங்கள் முகாமில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மேசைக்கு ஒருவர், பாய்க்கு ஒருவர். இருவருக்கும் மூச்சைத் தவிர வேறு வேலை இல்லை. கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கவும் கூடாது, நாய்க்காரருக்குப் பதில் சொல்லவும் கூடாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு, நாடி, நாக்கின் நிறம், ஒட்சிமீற்றர் எண் ஆகிய நான்கையும் அட்டையில் எழுத வேண்டும். தலையும் கழுத்தும் நேராக, நாக்கு வெளியே. மூச்சு நின்றால் சத்தம் போட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டும். வைத்தியர் குழாயைப் போட்டதும் 6 செக்கனுக்கு ஒருமுறை பையை அமுக்க வேண்டும். நாய் தலையைத் தூக்கி, விழுங்கி, தானாக நெஞ்சை ஊன்றிப் படுக்கும் வரை பாயை விட்டு எழக்கூடாது.

இதைச் செய்யப் பட்டம் தேவையில்லை. ஒரு நாள் பழக்கமும், மணிக்கூடும், சலிக்காத மனமும் போதும். இந்த மண்டபத்தில் முப்பது வருடம் பரீட்சை மண்டபத்தில் நின்று பிள்ளைகளைக் கவனித்த ஆசிரியைகள் இருக்கிறார்கள். இரவிரவாக வார்ட்டில் விழித்திருந்த தாதியர் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

சங்கம் முகாமுக்கு உதவ முன்வந்தபோது, என்ன கருவி வேண்டும் என்று கேட்டீர்கள். கருவியும் வேண்டும், மறுக்கவில்லை. அதோடு ஒவ்வொரு முகாமுக்கும் இரண்டு பேரைத் தாருங்கள் என்று கேட்கிறோம். பாயருகே இருக்க ஆள் கிடைக்காத நாளில், செய்யும் நாய்களின் எண்ணிக்கையைக் குறைப்போமே தவிர ஆளைக் குறைக்கமாட்டோம். ஒரு நாய் பாயிலே செத்தால் அடுத்த முறை அந்த வாடியிலிருந்து ஒரு நாயும் வராது. தடுப்பூசிக்கும் வராது. பிறகு ஆபத்து அந்த வாடியின் பிள்ளைகளுக்கு.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். உங்கள் நாயையோ பூனையையோ சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மயக்கத்தில் மூச்சை யார் பார்ப்பார்? விழிக்கும் வரை பக்கத்தில் யார் இருப்பார்? நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார், பெயரைச் சொல்லுவார்.

முகாமுக்கு வர விரும்புபவர்கள் வாசலில் உள்ள பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதுங்கள். பழக்குவது எங்கள் பொறுப்பு.