ஜெயித்தால் தேசம், தோற்றால் சாதியா?

ஜெயித்த கட்சிக்கு மாலை போட்டு, தோற்றதும் கைவிடுகிறவனைச் சபலக்காரன் என்று சிரித்து விட்டுவிடலாம். ஆனால் 2021-ம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஜூலை 31-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா 3 கோல் போட்டார்; ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் அப்படிப் போட்ட முதல் இந்தியப் பெண் அவரே. தேசமே கொண்டாடிற்று. ஆகஸ்டு 4-ல் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. உடனே ஹரித்துவாருக்கருகில் அவர் வீட்டெதிரே பட்டாசு வெடித்து, தாழ்த்தப்பட்டவர்கள் அதிகம் சேர்ந்ததால்தான் தோல்வி என்று சிலர் ஏசியதாக வீட்டார் பிராது கொடுத்தார்கள், கைதும் நடந்தது.

இவர்களைக் கட்சி மாறினவர்கள் என்று சொல்லாதீர்கள். இவர்கள் கட்சி என்றைக்கும் சாதிதான். அதிலிருந்து ஒருநாளும் மாறவில்லை. ஆகவே, சாதியை விடாதவனுக்குத் தேசக்கொடி பிடிக்க யோக்கியதை ஏது?